பெறப்பட்டது

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் உறவினர்கள். மீதிப் பேர், அக்கா மடியில் பிள்ளையை விட்டுவிட்டுத் திருவிருந்துக்கு எழுந்து போனவர்கள். இரு தரப்பாரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் பிறர் வாக்குமூலங்களில் குறை கண்டுபிடித்தவன் நான். என்னுடையதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அக்கா தேன்கனிக்கோட்டையில் பிறந்தார். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்மா படுத்த படுக்கையானபோது அக்கா எட்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அக்கா பள்ளியிலிருந்து நின்றுகொண்டார், நான் படித்தேன். பின்னாளில் நான் கரைத்துக் குடித்த விதிகள் அத்தனைக்கும் அடியில் அந்த எட்டாம் வகுப்பு கிடக்கிறது.

அம்மாவைப் பார்த்துக்கொண்டதில், திருவிருந்தில் சேருமுன் பேராயர் தலையில் கைவைத்துச் செய்யும் திடப்படுத்தல் அக்காவுக்குத் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் எனக்கும் வயது வந்து இருவருக்கும் ஒரே நாளில் நடந்தது. பேராயர் முன் அருகருகே மண்டியிட்டோம். என் தலையிலிருந்து எடுத்த கையை அடுத்ததாக அக்கா தலையில்தான் வைத்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். இது முக்கியம் என்பதால் எழுதுகிறேன்.

திருமணமாகி அக்கா பாகலூர் போனார். மாமாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அக்கா ரோஜாத் தோட்டத்தில் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்குப் போனார். அங்கே சபை என்பது ஒருவர் வீட்டு முன்னறை. கன்னடத்தில் பாட்டு, தெலுங்கில் பிரசங்கம், முடிந்ததும் தமிழில் ஊர்க்கதை. பதிவேடு கிடையாது. அக்காவின் விசுவாசம் வளர்ந்தது அங்கேதான். முள் நீக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மூன்று மொழியையும் கலந்து ஜெபிப்பார். முழங்காலிட வேண்டாமா என்று ஒருமுறை கேட்டேன். முழங்காலிட்டால் தூங்குகிறேன் என்று சூப்பர்வைசர் எழுதிவிடுவார் என்றார். கொட்டகையில் உடன் வேலை செய்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் கையில் வெட்டுப்பட்டபோது, காயம் ஆறும்வரை அவர் வேலையையும் அக்காவே சேர்த்துச் செய்திருக்கிறார். இது அந்தப் பெண் துக்கம் கேட்க வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நானோ சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் என் நற்செயல்களைத் தேதி வாரியாகச் சொல்பவன்.

மாமா காலமான பிறகு அக்கா ஓசூருக்கு வந்து நம் சபையில் சேர விண்ணப்பித்தார். நான் அப்போது சபைச் செயலாளர். விதிப்படி, திருவிருந்தில் பங்குபெறப் பழைய சபையின் மாற்றுக் கடிதம் வேண்டும், இல்லையேல் திடப்படுத்தல் சான்று வேண்டும். பாகலூரில் கடிதம் கொடுக்க ஆளில்லை. தேன்கனிக்கோட்டைப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆயர் அய்யா, "சார், நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க, நீங்க சொன்னாப் போதாதா?" என்றார். உறவினர் சாட்சி செல்லாது என்றேன். அப்படியானால் மறுபடி திடப்படுத்திவிடலாம் என்றார். ஒருமுறை பெற்றவருக்கு மறுமுறை கொடுக்க விதியில் இடமில்லை என்றேன். ஆக, பெற்றார் என்பதற்குச் சான்று இல்லாததால் திருவிருந்துப் பந்தியில் இடமில்லை. பெற்றுவிட்டார் என்பதால் சான்று வாங்கவும் வழியில்லை. கோப்பு அழகாக முடிந்தது. நான் திருப்தியாக இருந்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன்புதான் வேறொரு குடும்பத்தின் விண்ணப்பத்தை இதே குறைக்காகத் திருப்பியிருந்தேன். சொந்த அக்காவுக்கு மட்டும் சலுகையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அக்கா ஒரே ஒருமுறை கேட்டார்.

"தம்பி, அந்தச் சீட்டு உங்கிட்டதானே இருக்குது? அப்பா போனப்ப காயிதம் எல்லாத்தையும் நீதானே எடுத்துக்கினு போனே."

"என்கிட்ட வந்த காயிதம் எதுவும் இதுவரைக்கும் தொலைஞ்சதில்லக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்ப நான்தான் எங்கியாவது போட்டுட்டிருப்பேன், வுடு" என்றார். பிறகு சிரித்தார். "கம்பெனி கேட்டுல நிக்கறான் பாரு வாட்ச்மேன், அவன்கூட தெனம் பாக்கற மூஞ்சின்னா பாஸ் கேக்க மாட்டான். நீ அவனுக்கும் மேலடா."

அதன்பின் ஆறு ஆண்டுகள், மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல், அக்கா கடைசி பெஞ்சில் இருந்தார். கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்த குடும்பங்கள் நம் சபையில் நிறைய. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. "பெரியம்மா, இவள செத்த வச்சுக்கிடுங்க" என்று கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். அக்கா மடியில் ஒன்று, பக்கத்தில் இரண்டு. அழுகிற பிள்ளையிடம் கன்னடத்தில் ஏதோ சொல்வார், அடங்கிவிடும். தமக்குக் கிடைக்காத பந்திக்கு மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் முன்வரிசையில் அமர்ந்து, வந்தவர்களை எண்ணிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அக்காவுக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மாலை ஆயர் அய்யா திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுவந்தார். கட்டிலருகே பெட்டியைத் திறக்குமுன் என்னைப் பார்த்தார். என் ஒரு தலையசைப்பு போதும். நான் சுவரில் மாட்டியிருந்த பார்வையாளர் நேரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வேணாங்கய்யா," என்றார் அக்கா. "தம்பிக்கு அப்புறம் நாலு பேருக்குப் பதில் சொல்றது கஷ்டமாயிடும். ஜெபம் மட்டும் பண்ணுங்க."

ஆயர் பெட்டியை மூடினார். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரம், வாரிசுச் சான்றுக்காகப் பழைய காகிதங்களைத் தேடினேன். என் பீரோவில் என் திடப்படுத்தல் சான்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். உறை வெக்கையில் இளகி ஒட்டிப்போயிருந்தது. பிரித்தபோது பின்னாலிருந்து இன்னொரு சான்று வந்தது. அதே தேதி, அதே பேராயர் கையொப்பம், அடுத்த எண். அக்காவின் பெயர். இடது ஓரத்தில் 'பெறப்பட்டது' என்று என் கையெழுத்து, கீழே என் சுருக்கொப்பம். என் கைக்கு வரும் எந்தக் காகிதத்திலும் அப்படி எழுதுவது என் வழக்கம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை வாசித்தேன். அக்காவின் பெயரை உறுப்பினர் பதிவேட்டில் சேர்க்கத் தீர்மானம் நிறைவேறியது. இறந்தவரைச் சேர்க்க விதியில் இடமில்லை என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி. நான் அவருக்கு முன்னால் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தை வைத்தேன். முன்பு நான் திருப்பியனுப்பிய குடும்பத்தின் வீட்டுக்கும் போனேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா சீட்டைத் தொலைக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொரு முறை அழுத்திக் கேட்டிருந்தால் நான் பீரோவைத் திறந்திருப்பேன். சபை முன்னால் நான் தலைகுனிய வேண்டாம் என்று, குற்றத்தைத் தம்மேல் போட்டுக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அன்பு சகலத்தையும் தாங்கும் என்பதைச் சபையில் எத்தனையோ முறை உரக்க வாசித்திருக்கிறேன். உச்சரிப்பில் ஒருபோதும் பிழை இருந்ததில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்சென்ற பக்கத்து வீட்டாருக்கும், கடைசி நாட்களில் உடனிருந்த ரோஜாத் தோட்டத்துத் தோழியருக்கும், ஆயர் அய்யாவுக்கும், அடக்கத்தில் தோள் கொடுத்த வாலிபர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

விலகிய நாளிலிருந்து முதல் ஞாயிறுகளில் நான் கடைசி பெஞ்சில்தான் இருக்கிறேன். பந்திக்குப் போவதில்லை. பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறேன். என்னிடம் எதுவும் அடங்குவதில்லை. சென்ற மாதம் தூத்துக்குடிப் பெண் ஒருவர் பந்தி முடித்துத் திரும்பி வந்து மகளை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். உட்காராமல் நின்றார்.

"இவள நான் வச்சுக்கிடுதேன். நீங்க போயிட்டு வாங்க தாத்தா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியம்மாட்ட ஒருத்தர்கூட இப்படிச் சொல்லாமப் போயிட்டோமே," என்றார்.

எழுந்தேன். அவ்வளவு நீளமான நடைபாதை என்று எனக்குத் தெரியாது. மண்டியிட்டுக் கைகளை நீட்டினேன். கையில் கோப்பு இல்லை. ஆயர் அய்யா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தினமும் பார்க்கிற முகம்தானே.