மஞ்ச விளக்கு வாத்தியாரின் கல்யாணம்

“கண்ணாடியப் பாருங்க. உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்றவன் மூஞ்சிய!”

கார் ஓட்டக் கற்க வருகிறவர்களிடம் வாத்தியார் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். சொல்லிவிட்டுத் தானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் இருப்பவர் விளக்குக் கம்பத்தை நோக்கிப் போனாலும் பதற மாட்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும். “பரவால்ல, பரவால்ல. பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா?”

பச்சை விளக்கு மஞ்சளாகப் போகிறதோ என்று சந்தேகம் வந்தாலே வண்டியை நிறுத்தச் சொல்வார். அதனால் ஊருக்கே அவர் மஞ்ச விளக்கு வாத்தியார்; சொந்தப் பேரை யாரும் கேட்டதில்லை. ஈ காக்கை இல்லாத தெருவிலும் இண்டிகேட்டர் போடுவார். இப்படி ஓர் ஒழுக்கமான மனிதர் கிடைப்பாரா என்று போலீஸ் குடியிருப்பிலிருந்தே வண்டி கற்க ஆள் அனுப்பினார்கள். அந்த ஒழுக்கம் முழுக்கப் பயத்தில் விளைந்தது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் பேரில் ஒரு பிடிவாரண்டு இருந்தது.

இளவயதில், நாற்சந்தியில் போலீஸ்காரர் நிற்கும் கூண்டை வேனால் இடித்துச் சாய்த்துவிட்டார். போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் காயம் கூண்டுக்கு மட்டும்தான். கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். இவர் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். “போனாத்தானே கேப்பாங்க? போகலன்னா மறந்துருவாங்கன்னு நெனச்சேன்” என்றார் என்னிடம். அவருடைய பயிற்சிப் பள்ளிக்குக் கீழேதான் என் மூக்குக்கண்ணாடிக் கடை.

தலை நரைக்கத் தொடங்கியபின் கல்யாணம் கூடிவந்தது. பெண், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவர். வாத்தியாரிடம் வண்டி பழகியவர். வாரண்டு விஷயத்தை வாத்தியார் அவரிடம் ஒரு சிவப்பு விளக்கில்தான் போட்டு உடைத்திருக்கிறார்.

“எம்மேல ஒரு வாரண்டு இருக்குங்க.”

“கொலையா?”

“கூண்டு.”

“கிளிக்கூண்டா?”

“போலீஸ்காரர் நிக்கிற கூண்டு.”

விளக்கு பச்சையாகிப் பின்னால் வண்டிகள் அலறியும் அந்தம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். சிரித்து முடித்ததும் சொன்னார்: “மொதல்ல கோர்ட்டு, அப்புறம் கல்யாணம்.” வாத்தியார் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வழக்கம்போல் அந்தப் பக்கமே போகவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியே கல்யாண நாள் வந்துவிட்டது.

பதிவு அலுவலகத்துக்கு நானும் சாட்சியாகப் போயிருந்தேன். மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டே இருந்தார். பதிவாளர் அவருடைய முழுப்பேரையும் தகப்பனார் பேரையும் உரக்க வாசித்தார். விருந்தாளியாக வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர், சாதாரண உடுப்பில்தான், விருட்டென்று எழுந்தார்.

“சார், அந்தப் பேர இன்னொரு தடவ படிங்க.”

படித்தார்.

“வாத்தியாரே! இந்த ஆளத் தேடி எத்தன கதவு தட்டியிருப்பேன்! என் வீட்டுக்காரிக்கு வண்டி கத்துக் குடுத்தவரா அது?” அவருக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். “மன்னிச்சிருங்க. கூட்டிட்டுப் போயே ஆகணும்.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பெண்ணின் அக்கா அழத் தயாரானார். பதிவாளர் மட்டும் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “ஒரு சாட்சி குறையுது” என்றார்.

மணப்பெண் பேனாவைப் போலீஸ்காரரிடம் நீட்டினார். “அண்ணே, இவருதான் அவருன்னு உங்களவிட யாருக்கு நல்லாத் தெரியும்? போட்டுட்டு அப்புறம் புடிங்க.”

அவர் யோசித்தார். பிறகு போட்டார். கையெழுத்து காய்வதற்குள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டார்.

கோர்ட்டு பின்கட்டடத்திலேயே இருந்தது. மாலையைக் கழற்ற நேரமில்லை. ஒரு கையைச் சட்டம் பிடித்திருக்க, மறுகையை மனைவி பிடித்திருக்க, வாத்தியார் படியிறங்கிப் போனார். எதிரே வந்தவர்களுக்கு வாழ்த்துவதா வழிவிடுவதா என்று புரியவில்லை.

வழக்கு அபராதத்தோடு போயிற்று. நீதிபதி தலை நிமிர்ந்து பார்த்ததுகூட மாலையின் வாசனைக்காகத்தான் இருக்கும். கூப்பிட்டபோதுதான் தாமதமாயிற்று. சேவகர் வாசலில் நின்று முழுப்பேரைக் கூவினார். வாத்தியார் பெஞ்சில் அசையாமல் இருந்தார். இரண்டாம் முறை கூவியபோது, யாரோ பாவம் மாட்டிக்கொண்டான் என்பதுபோல் அக்கம்பக்கம் பார்த்தார். மூன்றாம் முறை கூவியதும், புது மனைவி அவருடைய கையை மணிக்கட்டோடு பிடித்து, கூடம் முழுக்கத் தெரியும்படி மேலே தூக்கினார்.