சேகரண்ணன் வீட்டு மானிட்டர்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் ஸ்குரூ டிரைவர் இல்லாமல்கூடச் சமாளித்துவிடலாம், திடமான நெஞ்சு இல்லாமல் முடியாது. பீடோங் பசாருக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். பழைய மானிட்டரையும் புதுக் கிராஃபிக்ஸ் கார்டையும் ஒன்றாகக் குடும்பம் நடத்த வைப்பதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, நான் சொல்லப்போவதை நீங்களாவது நம்புவீர்கள்.

நகவெட்டி வைத்தியம்

சேகரண்ணன் கோலா கெத்திலில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். பினாங்கில் இருக்கும் மச்சான் தன்னுடைய சிபியுவைக் கொடுத்திருந்தார். வீட்டில் இருந்ததோ, பின்புறம் புடைத்துக்கொண்டிருக்கும் பழைய பெட்டி மானிட்டர். அதன் ஒயரின் நீல முனை சிபியுவில் இருந்த புதுக் கார்டில் எங்கேயும் நுழையாது. மகள் கவிதாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்காணல் ஆன்லைனில் வருகிறதாம். கூடவே திரையில் ஒரு சோதனையும் எழுத வேண்டுமாம். போன வருடம் கைப்பேசியிலேயே நேர்காணலுக்கு உட்கார்ந்து, பாதியில் லைன் போய், வாய்ப்பும் போனது. இந்த முறையும் போனால் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவதாகப் பெண் சொல்லிவிட்டாள்.

இரண்டையும் சேர்க்க அண்ணன் தானே எங்கிருந்தோ ஒரு வெள்ளை இணைப்பு வாங்கி மாட்டிப் பார்த்திருக்கிறார். அதை என் கையில் கொடுத்தார். ஓரத்தில் இருக்க வேண்டிய நான்கு கம்பிகளைக் காணவில்லை. அவை இருந்தால் கார்டுக்குள் நுழையவில்லையாம், அதனால் நகவெட்டியால் நறுக்கிவிட்டாராம். அந்தப் பழைய மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோவதே அந்த நான்கும்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நாலுதானே தங்கச்சி போச்சு, மிச்சம் இவ்வளவு இருக்கே, அதெல்லாம் சும்மாவா நிக்குது?"

பூஜைக்குப் பிறகு

சரியான கன்வர்ட்டர் ஒன்றை விற்று, எந்தத் துவாரத்தில் எது போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். படம் வந்துவிட்டதென்று போன் செய்து சந்தோஷப்பட்டார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சிபியுவை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ரோசாக் ஆகிவிட்டதாம், படமே வரவில்லையாம்.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இருக்கிற துவாரம் அத்தனையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கன்வர்ட்டர் போகிற துவாரத்தில் மட்டும் ஒரு கவளம் அளவுக்கு அப்பியிருந்தது. லாரிக்குப் பொட்டு வைத்தால் கண்ணாடியில் வைக்கிறீர்கள், டீசல் டாங்கிக்குள்ளா ஊற்றுகிறீர்கள் என்று கத்தியேவிட்டேன். அண்ணன் முகம் சுண்டிப்போனது. பல்குத்தும் குச்சியை வைத்துக்கொண்டு சுரண்டிச் சுரண்டி, என் கடை மானிட்டரில் படம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"அது வழியாத்தானே படம் வருதுன்னு நீங்க சொன்னீங்க, அதான் அதுக்குக் கொஞ்சம் கூடவே வச்சேன்லா."

மேலே யார்

நேர்காணல் அன்று காலையில் கவிதாவே போன் செய்தாள். திரை கறுத்துக் கிடக்கிறது என்றாள். கடையிலிருந்து கொண்டுபோனதை அன்றுதான் போட்டுப் பார்த்தார்களாம். எனக்குக் காரணம் உடனே பிடிபட்டது: கடையில் மாட்டியபோது கம்ப்யூட்டர் என் பெரிய திரையின் அளவைப் பிடித்துக்கொண்டுவிட்டது, அவர்கள் வீட்டுக் கிழட்டு மானிட்டருக்கு அது தாங்காது. வேறொரு மானிட்டரைக் காரில் போட்டுக்கொண்டு கோலா கெத்திலுக்கு ஓடினேன்.

அந்த வீட்டுக்குள் அன்றுதான் முதன்முறையாகப் போகிறேன். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மானிட்டரின் தலைமேல் முருகன் படம், விபூதித் தட்டு, எரிந்துகொண்டிருக்கும் காமாட்சி விளக்கு. சூடு வெளியேறுகிற ஓட்டைகளுக்குள் விபூதி கொட்டிக் கிடந்தது. எண்ணெய் ஒரு கோடாக வழிந்து பின்பக்கம் இறங்கியிருந்தது. இத்தனை நாள் இது தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிது. மின்சாரத்தை அடைத்துவிட்டு, எல்லாவற்றையும் இறக்குங்கள் என்றேன். நல்ல காரியம் நடக்கிற நாளில் சாமியை இறக்குவதா என்று அண்ணன் தயங்கினார். கவிதா விளக்கை எடுத்துக் கீழே வைத்தாள், தட்டையும் எடுத்தாள். முருகன் படத்தில் கை வைத்தபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

ஓட்டைகளைத் துடைத்தேன். கொண்டுபோன மானிட்டரை மாட்டி, அளவைக் குறைத்து, மறுபடி பழையதை மாட்டினேன். படம் வந்தது. நேர்காணலுக்குக் கவிதா வைத்திருந்த குட்டிக் கேமராவைச் செருக வேறு இடமில்லாமல், முருகன் படச் சட்டத்திலேயே செருகினேன். நேர்காணல் முடிகிறவரை அடுப்படியில் நானும் அண்ணனும் மூச்சு விடாமல் நின்றோம். வெளியே வந்த கவிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கேள்வி கேட்கிறப்போ கேமராவைப் பார்க்கணும்னு சொன்னாங்கக்கா, பார்த்தா நேரா முருகன் நிக்கிறாரு, பயமே வரல."

அகலம் போதாது

கவிதாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. தீபாவளி முறுக்கோடு அண்ணன் கடைக்கு வந்து, புது மானிட்டர் ஒன்று வேண்டும் என்றார். காதில் தேன் பாய்ந்தது. கடையில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அதன் மேல் விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை வழுக்கியது. பக்கத்தில் இருந்த இன்னொரு மானிட்டர் மேல் வைத்தார், அதுவும் வழுக்கியது. வருத்தத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் பட்டையா இருக்கே தங்கச்சி, இதுல சாமி எங்க உட்காருவாரு?"

எந்த முனைக்கு வேண்டுமானாலும் என்னிடம் கன்வர்ட்டர் இருக்கிறது, இதற்கு மட்டும் இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை.