பயத்தை வாய்விட்டுச் சொன்ன காலை

நான் அடித்துப் பழகியவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தேன். என் அப்பாவும் மேஸ்திரிதான். ஒரு கம்பை வைத்துக்கொண்டு காட்டில் ஆட்களை அடிப்பார், வீட்டுக்கு வந்து எங்களை அடிப்பார். எனக்கு அந்த வேலை கிடைத்ததும் நானும் ஒரு கம்பு வெட்டித் தோலுரித்து எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டேன். வேலை வாங்குவது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். என் பெண்டாட்டியின் முதுகும் அந்தக் கம்பை அறியும்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துக்குத் தொழிலாளர் சங்கம் வந்தது. கீழே வத்தலக்குண்டிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து, ஆட்கள் குடியிருக்கும் லயத்து முன்னால் பேசினார்கள். இனிமேல் யாரும் கைநீட்டக் கூடாது, நீட்டினால் கேஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளே ஆட்களின் பார்வை மாறிவிட்டது. முன்பு நான் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறவர்கள் இப்போது நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அது பயம் என்று அப்போது தெரியவில்லை, கோபம் என்றே நினைத்தேன். அந்த மாதம் முன்னைவிட அதிகமாக அடித்தேன். ஒருவனுக்கு உதடு கிழிந்தது.

அது பழம் எடுக்கிற காலம். முந்தின நாள் பெய்த மழையில் செடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் கூடையில் சிவந்த பழத்தோடு பச்சைக் காயும் நிறையக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். கொப்பு வழுக்குகிறது, உருவும்போது காயும் சேர்ந்து வந்துவிடுகிறது என்றாள். நான் கம்பைத் தூக்கினேன். அவள் நகரவில்லை.

"இனிமே அடிக்கக் கூடாதாம்ல" என்றாள்.

பக்கத்து வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதில். கூடை சரிந்து பழமெல்லாம் பள்ளத்தில் உருண்டது. அவள் விழுந்தாள். விழுந்து கிடந்தவளையும் ஒரு அடி அடித்தேன்.

அவள் புருஷன் மேல்வரிசையில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியோடு நின்றிருந்தான். இறங்கி வந்தான், ஓங்கினான். நான் வலது கையால் தடுத்தேன். சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் அப்போதே போய்விட்டன. வலி உடனே வரவில்லை. விரல் இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வெட்டு தோளில் இறங்கியது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை. நான் மண்ணில் விழுந்து, காப்பிச் செடிக்குள் நாய் மாதிரி தவழ்ந்தேன். அவன் காலைப் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். அவள் காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"போதும், விடு. நமக்குப் பிள்ளைக கெடக்கு" என்றாள்.

எனக்காக அவள் தடுக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

நாலு பேர் என்னைக் கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்தவன், நான் உதட்டைக் கிழித்த அதே ஆள். வளைவுக்கு வளைவு நான் கத்தினேன். அவன் பிடியை விடவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு வெட்டினார்கள், சங்கம் தூண்டிவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். முந்தின நாளே ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னால் பத்துக் குடும்பத்தை லயத்தைவிட்டு வெளியேற்றலாம். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஆனால் அன்று காலையில் கட்டுப் பிரித்தபோது நான் அழுதிருந்தேன். வார்டு முழுக்க எழுந்து பார்க்கிற மாதிரி, அம்மா அம்மா என்று அழுதேன். வேட்டியை என் பெண்டாட்டிதான் கட்டிவிட்டாள். அவளை அடித்த கை கட்டுக்குள் கிடந்தது, கஞ்சியையும் அவள்தான் ஊட்டினாள். இதற்குமேல் காப்பாற்றிக்கொள்ள என்னிடம் எந்தக் கௌரவமும் மிச்சம் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதும் சொல்லிவிட்டேன்.

"நான்தான் மொதல்ல அடிச்சேன். கீழ விழுந்த பொம்பளையையும் அடிச்சேன். அவன் ஒருத்தன்தான் வெட்டுனான். வேற யாரும் என்னையத் தொடல."

முதலாளி எழுந்து போய்விட்டார். வெட்டியவன் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தான். பத்துக் குடும்பமும் லயத்தில் இருந்தன.

பழம் கொட்டுகிற நேரம், வேறு மேஸ்திரி கிடைக்கவில்லை என்பதால் முதலாளி என்னை நிறுத்தவில்லை. கையைத் தூளியில் போட்டுக்கொண்டு ஒரு காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில் போய் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். என்ன பேசுவது என்று யோசித்து வரவில்லை.

"கம்பு இல்லாம வேலை வாங்க எனக்குத் தெரியாது. உங்களப் பாத்தா பயமா இருக்கு. முன்னயும் பயந்துதான் அடிச்சிருக்கேன். எப்படிச் செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

பின்னால் ஒருவர் காறித் துப்பினார். அந்தப் பெண் காதில் பஞ்சோடு முன்னால் வந்தாள்.

"இந்தக் காது இனிமே கேக்காதுன்னுட்டாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"என்ன சொல்றதுன்னு தெரியலம்மா" என்றேன்.

அவள் கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வெயில் ஏறுது. வெரசா வரிசையப் பிரிச்சு விடுங்க" என்றாள்.

அவர்கள் என்னை மன்னித்துவிடவில்லை. அந்த வாரம் என் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. ஆனால் கேட்டால் சொன்னார்கள். ஈரச் செடியில் வெயில் வந்த பிறகு கை வைத்தால் காய் வராது என்றார்கள். அதுவரை காய்ந்த மேட்டு வரிசைக்கு அனுப்பினேன். பச்சைக் காய் குறைந்தது.

அடுத்த வருஷம் ஒருவன் என் தாயைச் சொல்லித் திட்டினான். இடது கை தானாகப் போய் அவன் சட்டையைப் பிடித்து மரத்தில் சாத்தியது. அவன் கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது, கொஞ்சம் பொறு என்றேன். அவன் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். வீட்டில் கைநீட்டுவது நிற்க அதற்கப்புறமும் நாளானது. அதற்காக இன்றும் எனக்கு வெட்கம்தான்.

ஜெயிலிலிருந்து வந்தவன் மறுபடியும் எங்கள் தோட்டத்துக்கே வேலைக்கு வந்தான். முதல் நாள் ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்துவிட்டோம். அவன் கையில் கவாத்துக் கத்தி இருந்தது. ஒதுங்க இடமில்லை.

"ஒன்னயப் பாத்தா பயமா இருக்கு" என்றேன்.

அவன் கத்தியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டான். "எனக்குந்தான்" என்றான்.

சரிவுப் பக்கமாக ஒரு காலை வைத்து எனக்கு வழிவிட்டான். பிறகு ஆறு வருஷம் ஒரே காட்டில் வேலை பார்த்தோம். சிநேகம் என்று ஒன்றும் இல்லை. அவன் வீட்டில் நானோ என் வீட்டில் அவனோ ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. இந்த வரிசையை இன்று முடித்துவிடலாமா என்று நான் கேட்பேன், முடியும் முடியாது என்று அவன் சொல்வான், அவன் சொன்னபடியே நடக்கும்.