கலக்காத சாம்பிள்

விடிந்ததும் தாட்சாயணி புருஷனை ஜன்னலோரம் நிறுத்தி, கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பாள். வெண்விழி நேற்றைவிட மஞ்சளா, குறைவா என்று தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்வாள். பலமனேர் பால் சொசைட்டியில் எட்டு வருஷமாகப் பால் சோதிப்பவள். தண்ணீர் கலந்தவன் சொந்த மாமனாக இருந்தாலும் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அந்தக் கண்ணும் ஏமாந்தது. பெங்களூரில் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த முனிசாமி மஞ்சள் பூத்து ஊருக்கு வந்தபோது, எல்லோரையும் போல அவளும் பச்சிலைச் சாறு கொடுத்து உப்பில்லாப் பத்தியம் வைத்தாள். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்து, ஆள் பாதியான பிறகுதான் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். வீணாய்ப் போன அந்த ஒரு மாதத்துக்காகத் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

ஸ்கேனில் பித்தக்குழாய் ஓரிடத்தில் இறுகியிருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டு, அடைப்பில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த இடத்தைச் சின்ன பிரஷ்ஷால் சுரண்டி சோதனைக்கும் அனுப்பினார்கள். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் முனிசாமி பையைக் கட்டிவிட்டான்.

டாக்டர் ஸ்ரீனிவாஸ் விடவில்லை. பிரஷ்ஷில் அகப்படவில்லை என்பதற்காக இல்லை என்றாகிவிடாது, ஸ்கேனைப் பார்த்தால் சந்தேகம் தீரவில்லை என்றார். முனிசாமி முகத்தைச் சுளித்தான். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"நல்லா கலக்காத பால்கேன்ல மேலாக மொண்டா ரீடிங் சரியா வராதுய்யா. தினம் அத்தத்தான் சொல்லிக்கினு இருக்கேன். இரு, முழுசா பாக்கட்டும்."

அடுத்து எடுத்த சி.டி. படத்தில், குழாயை இறுக்கிய கட்டி பெரிய ரத்தக்குழாய்களைத் தொடவில்லை. ஆனால் கல்லீரல் மேலேயும் வயிற்றுச் சவ்விலும் பொடிப்பொடியாகப் பரவியிருந்தால் படத்தில் தெரியாதாம். வயிற்றில் துளையிட்டு, கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டுமாம்.

"பரவியிருந்தா ஆபரேஷன் கிடையாதும்மா. அரை மணியில வெளிய வந்துடுவேன். வரலேன்னா, கட்டிய எடுக்கறோம்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்.

அதனால் இன்று அந்தக் கதவு திறக்கவே கூடாது. பயம் வந்தால் தாட்சாயணிக்கு வம்புப் பேச்சு வந்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரி தன் ஊர் பிச்சாட்டூர் என்றதும், உங்க ஊர்ப் பாலில் பாதி ஏரித் தண்ணிதானே என்று ஆரம்பித்தாள். அந்தம்மாள் எழுந்தே போய்விட்டாள். இருபது நிமிஷம். முப்பது. முப்பத்தைந்தாவது நிமிஷம் கதவு திறந்தது.

டாக்டர் இல்லை, நர்ஸ். "முனிசாமி ஆளுங்க யாரு? ஆபரேஷனுக்கு இன்னும் ரெண்டு யூனிட் ரத்தம் வேணும்."

தாட்சாயணி எழுந்து போய், ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையை நர்ஸின் முன்னால் நீட்டினாள்.