எல்லைப் படம்

சாவகச்சேரி நீதிமன்றத்தில் அந்த அக்காவைச் சந்தித்தேன். வழக்குக் கூப்பிடும்வரை மடித்த குடையை நிலத்தில் ஊன்றி, அதன் பிடியில் நாடியை வைத்தபடி மர வாங்கில் இருப்பார். மழையிலும் அதை விரித்து நான் கண்டதில்லை.

பக்கத்துக் காணிக்காரர் எல்லை வேலியின் கதியால் கம்புகளைத் தள்ளி நட்டு நிலத்தைப் பிடித்துவிட்டார் என்பது அவரது வழக்கு. நான் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதுகிறவன். சாட்சியமாகச் சேர்த்த நில அளவைப் படத்தைப் பார்க்கக் கேட்டேன். வழக்குக்காரருக்கு மட்டுந்தான் என்று அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். வழக்கின் அடுத்த தவணையில் அக்கா தன் பிரதியையே நீட்டினார்.

விரித்துப் பார்த்தேன். வீதிப் பக்கம் பக்கத்துக் காணிக்காரர் அக்காவின் நிலத்துக்குள் வந்திருந்தது உண்மைதான். ஆனால் கிணற்றடிப் பக்கம் அக்காவின் வேலி பக்கத்துக் காணிக்குள் போயிருந்தது.

“அக்கா, இதிலை உங்கடை பிழையும் கிடக்குது.”

“ஓம், தெரியும். அப்பிடியே போடுங்கோ தம்பி. இதை ஒளிச்சுப்போட்டு நான் வெண்டால், செல்வாக்கான ஆளைப் பிடிச்சு வெண்டவள் எண்டுதான் சனம் கதைக்கும்.”

படம் பத்திரிகையில் வந்தது. பிரதியைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குப் போனபோது, அக்கா கிணற்றடிக் கதியால்களைப் பிடுங்கித் தன் பக்கம் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார்.

“தீர்ப்பு இன்னும் வரேல்லையே, அக்கா?”

“ஊர் பாத்திட்டுதெல்லோ,” என்றபடி அடுத்த கதியாலை இழுத்தார்.

வழக்கு இன்னும் தவணையில்தான் கிடக்கிறது. வீதிப் பக்கத்துக் கதியால்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அந்தப் பக்கத்துக் காணிக்காரர் வீட்டுக்கும் எங்கள் பத்திரிகைதான் போகிறது.