ஆந்திராவுக்குக் கீழே ஒரு பொட்டு

எதிர்வீட்டு பிராட்லி ஆன்ட்டி தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். தம்பியும் தங்கையும் எப்போதோ ஆஸ்திரேலியா போய்விட்டார்கள்.

ஒரு மாலை, அவருடைய குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று என் லேப்டாப்பில் தேடினோம். காட்டைத் திருத்திய அகன்ற வெளி என்று பொருளாம். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டாம். அந்தப் பெயர்க்காரர்கள் பரவிய இடமெல்லாம் உலக வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள்.

ஆன்ட்டி பெர்த்தைத் தொட்டு, "இது என் தம்பி" என்றார். மெல்பர்னைத் தொட்டு, "இது தங்கச்சி" என்றார். பிறகு விரல் கடலைத் தாண்டி நம் பக்கம் வந்து நின்றது. இந்தியாவில் ஒரு புள்ளிகூட இல்லை.

"வாட் மா இது, நான் இங்கதானே இருக்கேன்?"

எனக்கு இருப்பது வெறும் இனிஷியல். கல்யாணத்தில் அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்தபோது நான் இப்படிக் கேட்கவே இல்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையில் ஒட்டினேன்.

ஆன்ட்டி குனிந்து பார்த்தார். "கொஞ்சம் கீழ இறக்கும்மா. இது ஆந்திரா."

போன மாதம் தம்பி வந்து ஆன்ட்டியைப் பெர்த்துக்கு அழைத்துப் போய்விட்டார். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் இன்னும் அந்தப் பொட்டைச் சுற்றித்தான் திரையைத் துடைக்கிறேன்.