கூரை மேலிருந்து சொன்ன பதில்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் கண்மூடி இந்த மாசியோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் எங்களுக்கு இரத்த உறவு அல்ல. வள்ளியூர் வண்டிக்காரர்கள், கடற்கரையிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வருகிற பெண்கள், வளையல் விற்கிறவர்கள், கருங்கல் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் எல்லாரும் அக்கா கையால் கஞ்சி குடித்தவர்கள். அக்கா யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நான் யார் என்பதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

அக்கா பிறந்தது ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருபத்தைந்து வீடுகள் உள்ள எங்கள் விளையில். மேற்கே ஓடை, அதற்கு அக்கரையில் இன்னொரு ஊர். வண்டிப்பாதை ஊரைத் தொடாமல் அரை மைல் தள்ளிப் போகும். வழி தவறியவர்களைத் தவிர வெளியாள் யாரும் ஊருக்குள் வந்ததில்லை. எங்களுக்கு வரும் அஞ்சல் ஆரல்வாய்மொழியில் ஒரு மளிகைக் கடையில் கிடக்கும். யாராவது அங்கே போனால் எடுத்து வருவார்கள், போகாவிட்டால் கிடக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த இருபத்தைந்து வீட்டுக்குள்ளேயேதான்.

நான் நடக்கத் தொடங்குமுன் அம்மா போய்விட்டார்கள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்கா. எனக்கு எட்டு வயதானபோது நாகர்கோவில் போர்டிங் பள்ளிக்கு யாராவது ஒரு பிள்ளையை அனுப்பலாம் என்று சபை உபதேசியார் சொன்னார். அப்பா என்னை அனுப்பினார்கள். வீட்டுக்கு ஆள் வேண்டுமே என்று அக்கா நின்றுவிட்டார்கள். அதனால் ஊரில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன் ஆனேன். அந்த ஒரு பெருமையை நான் எவ்வளவு காலம் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அத்தான் வண்டிக்காரர். எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினார். சொந்தமாக இரண்டு வண்டிகள், அவற்றுக்காக வீட்டின் தென்புறம் ஒரு வண்டிப்புரை. திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தபோது வழியில் காய்ச்சல் கண்டு விழுந்தார். கண்டும் கேட்டும் இராத ஒரு குடும்பம் பதினொரு நாள் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தது. பிழைக்கவில்லை. பெயர் தெரியாத இரண்டு வண்டிக்காரர்கள் மாடுகளையும் வண்டியையும் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, நடந்ததைச் சொன்னார்கள். அக்கா அழுது முடித்துக் கேட்ட முதல் கேள்வி, "நீங்க கஞ்சி குடிச்சியளா?" என்பதுதான்.

அப்படித்தான் தொடங்கிற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று நம்மவர்களுக்குத் தெரியும். கூண்டு வண்டியைக் கவிழ்த்துப் போட்டுவிடும். காற்று அடங்கும்வரை வண்டிகள் மலையின் மறைவில் ஒதுங்கி நிற்கும். அக்கா போய்க் கூப்பிட்டு அவர்களை வண்டிப்புரைக்கு அழைத்து வருவார்கள். வண்டிகளை விற்றபிறகு அது காலியாகக் கிடந்தது. கஞ்சி, பயறு, கொள்ளு அரைத்த காணத் துவையல்; இல்லாத நாளில் மரச்சீனிக் கிழங்கு. "யாரோ ஒரு வீட்டில என் ஆளுக்குப் பதினோரு நாள் கஞ்சி குடுத்திருக்காவ. அந்த வீடு எதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு நான் என்ன செய்ய? வாறவியளுக்குக் குடுக்கேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்கள்.

அந்தக் கஞ்சியால் ஊர் மாறியது. தாம் வருகிற வழியில் அஞ்சலை எடுத்து வருவதை வண்டிக்காரர்களே வழக்கமாக்கிக்கொண்டார்கள். மாட்டுக் கோமாரிக்கு மருந்து சொன்னவர் ஒரு சந்தைக்காரர். நிலக்கடலை விதை வந்தது ஒரு கோணிப்பையின் மூலையில் ஒட்டிக்கொண்டு. எங்கள் பெண்பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணவாய்க்கு அப்பால் சம்பந்தம் முடிந்தது. நான்குக்கும் பேச்சு எடுத்தது வண்டிப்புரையில் ஒதுங்கிய ஆட்கள்தான். கொழும்புக்குப் போகிற வழி, அங்கே யாரிடம் போய் நிற்கவேண்டும் என்பதெல்லாம் எங்கள் பையன்களுக்குத் தெரிந்தது அங்கே கிடந்த பாய்களில் உட்கார்ந்துதான்.

அக்காவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கிழக்கேயிருந்து வருகிறவர்கள் சிலர் புறப்படும்போது "போறேன் அம்மா" என்பார்கள். அக்கா விடமாட்டார்கள். "போறேன்னு சொல்லப்பிடாது. வாறேன்னு சொல்லும்" என்று நிறுத்திச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். நான் கேலி செய்வேன். "அக்கா, வாறேன்னு சொன்னவனெல்லாம் ஒரே நாளு வந்தா நம்ம விளை தாங்காது கேட்டியளா." அக்கா சிரிப்பார்கள். அவர்கள் அந்தச் சொல்லை உண்மையாகவே எதிர்பார்த்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம், ஆடியில், ஞானமுத்து வாத்தியார் வந்தார். வந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. காய்ச்சல். கையில் இருந்த குடையைக் காற்று கிழித்திருந்தது. நான்கு நாள் வண்டிப்புரையில் கிடந்தார். அந்த நான்கு நாளும் நான் பேச்சிப்பாறைப் பக்கம் மூங்கில் ஏற்றப் போயிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த மூன்று கடிதங்கள் நான் திரும்பி வந்து வாசிப்பதற்காகக் காத்துக்கிடந்தன. அவர் படுத்தபடியே மூன்றையும் வாசித்தார். ஒன்று கொழும்பிலிருந்து ஒரு மகன் தாய்க்கு எழுதியது. இன்ன நாள் தூத்துக்குடியில் வந்து இறங்குகிறேன், யாராவது வாருங்கள் என்று. அந்த நாள் கடந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

அக்கா அவரிடம் கேட்டார்களாம்: "இந்த ஊருக்கும் ஒரு பள்ளிக்கூடம் வருமா வாத்தியாரே?"

"மிஷன்ல இந்தப் பக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு குடுக்கதா பேச்சு இருக்கு. பிள்ளைய இருக்க ஒரு கூரையும் வாத்தியாருக்குத் தங்க ஒரு எடமும் ஊரு குடுக்கணும்."

"ரெண்டுக்கும் எங்க வண்டிப்புரை போதும்."

"அப்ப நான் பேசிட்டு வாறேன் அக்கா."

அத்தானின் பழைய சிவப்புத் தலைப்பாகையைக் கிழித்து அவர் குடைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். நான் ஊர் திரும்பியதும் அக்கா என்னிடம் சொன்னது முழுக்கப் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. "இவதான் மொதல்ல போய் இருக்கணும்" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறு வருஷம் சித்திரையில் வண்டிப்புரையில் தங்கிய இரண்டு பேர் எங்கள் அம்மாவின் வெண்கல உருளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். சாக்கு என்றுதான் சொல்லவேண்டும். கைம்பெண் வீட்டில் முகம் தெரியாத ஆண்கள் வந்து தங்குவதைப் பற்றி ஓரிருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது நான் சபையில் மூப்பனாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தேன், என் சட்டை வெள்ளையாக இருக்கவேண்டும். இனிமேல் ஒருத்தரும் வேலிப் படலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "உருளிதானே தம்பி போச்சு" என்றார்கள் அக்கா. நான் குரலை உயர்த்தினேன். அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள். என் வாழ்நாளில் அக்காவை எதிர்த்து நான் ஜெயித்தது அந்த ஒரு முறைதான்.

ஆனி பிறந்தது. காற்றுக்கு முன்னால் வண்டிப்புரைக் கூரையை இழுத்துக் கட்ட நானே மேலே ஏறியிருந்தேன். புழுதிக்குப் பயந்து துவர்த்துத் துண்டைத் தலையிலும் வாயிலும் சுற்றியிருந்தேன், கண் மட்டும்தான் வெளியே. அக்கா ஓடைக்குத் துணி அலசப் போயிருந்தார்கள். படலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு குடை, தோளில் துணிப்பை.

"வீட்டில அக்கா இல்லியா? தங்க எடம் கேட்டு வந்தேன்" என்றார். காற்றில் பாதிதான் கேட்டது.

"இங்க யாருக்கும் எடமில்ல" என்று கூரை மேலிருந்தே சொன்னேன். இறங்கவில்லை. யார் என்று கேட்கவில்லை.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மறுபக்கம் திரும்பிக் கயிற்றை முடிந்தேன். பிறகு "சரி, போறேன்" என்றார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அதை அக்காவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். "ஒருத்தன் வந்தான். நம்ம பக்கத்து ஆளுதான், ஆனா போறேன்னு சொல்லிட்டுல்லா போறான்."

அக்காவின் கை நின்றது. "குடை வச்சிருந்தாரா?"

"ஆமா."

"அதில செவப்பு ஒட்டு உண்டா மக்கா?"

இருந்தது. கூரை மேலிருந்து பார்த்தால் குடையின் அந்தச் சிவப்புத்தான் முதலில் தெரிந்தது. அக்கா கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். ஓடைக்கு அக்கரை ஊரில் ஏற்கெனவே அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஊரே கூடி நின்றது. இக்கரையிலிருந்து அதைப் பார்த்தோம். அக்கா ஓடையைத் தாண்டவில்லை. "அவிய அவ்வளவு சந்தோஷமா இருக்காவ. போய்ப் பிடுங்கப்பிடாது" என்று சொல்லித் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவில் வாசலில் வாத்தியாரே எங்களைத் தேடி வந்தார். நான் அக்காவின் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றேன்.

"வீட்டுக்கு வந்தேன் அக்கா. கூரையில நின்ன ஆளு எடமில்லன்னுட்டாரு. நீங்க மனசு மாறிட்டியளோன்னு நெனச்சேன். அக்கரையில கேட்டாவ, பள்ளிக்கூடத்த அங்க குடுத்துட்டேன். இனி மாத்த முடியாது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அது கூரை கெட்ட வந்த கூலியாளாக்கும் வாத்தியாரே. வெவரமில்லாதவன். தம்பி அண்ணைக்கு ஊரில இல்ல" என்றார்கள்.

பொய் சொல்லி அறியாத அக்கா எனக்காகச் சொன்ன பொய் அது. நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பொய் ஊர் முழுக்கப் பரவி நிலைத்துவிட்டது. நல்ல காரியத்தைக் கெடுத்தவனைக் 'கூரைக்காரன்' என்று எங்கள் ஊரில் திட்டுவது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, அங்கிருந்துதான் வந்தது.

அன்றைக்கே படலைத் திறந்துவைத்தேன். அக்கா மறுபடியும் அடுப்பு மூட்டினார்கள், வண்டிகள் வந்தன, மோட்டார் பஸ் வந்து வண்டிகள் குறையும் வரையில் வந்துகொண்டிருந்தன. ஆனால் பள்ளிக்கூடம் அக்கரையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நிறைந்துவிடும். பையன்கள் நீந்திப் போனார்கள். பெண்பிள்ளைகளை யாரும் விடவில்லை, நானும் விடவில்லை. என் மகள் இரண்டு கோடை போனாள், எழுத்துக்கள் பழகினாள், அதோடு நின்றது. அக்கா சில நாள் மத்தியானம் ஓடைக்கரையில் போய் உட்கார்ந்து அக்கரையில் பிள்ளைகள் ஒன்றாகச் சொல்லும் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கடைசி மாதம் அக்கா படுக்கையில் இருந்தபோது வாத்தியார் அடிக்கடி வந்து பார்த்தார். ஒருநாள் அவர் போனபின் கேட்டேன்: "அக்கா, அவருகிட்ட உள்ளதைச் சொல்லிரட்டா?"

"நான் இருக்கச்சில வேண்டாம். என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதே. நான் போனப்பொறவு உனக்குத் தோணினா சொல்லு" என்றார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோணும்" என்றார்கள்.

அடக்கத்தன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வாத்தியார் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தார். வண்டிப்புரைக்கு முன்னால் நின்று என் தோளில் கைவைத்து, "அந்தக் கூலியாளு மட்டும் அண்ணைக்கு இல்லாம, நீங்க ஊரில இருந்திருந்தா இந்த எடமாக்கும் பள்ளிக்கூடம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். ஓராண்டாக அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை.

அக்காவின் சுகவீனத்தில் இரவு பகலாக உடன் இருந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், செய்தி கேட்டுக் கணவாய் தாண்டி வந்த வண்டிக்காரர்களுக்கும், அடக்க நாளில் வந்த அனைவருக்கும் தாங்களே கஞ்சி காய்ச்சி ஊற்றிய கருவாட்டுக்காரப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. "வாறேன்" என்று சொல்லிப் போன நீங்கள் எல்லாரும் அன்றைக்கு வந்தீர்கள். அக்கா அதைப் பார்க்க இல்லை. வண்டிப்புரை இன்னும் இருக்கிறது. எப்போது வந்தாலும் தங்கலாம்.

ஞானமுத்து வாத்தியார் அவர்களுக்கு நன்றியோடு இன்னொன்றும். அந்தக் கூலியாள் நான்தான் வாத்தியாரே. ஊரில் எந்தக் கூரை கட்டுகிறவரையும் இனிமேல் அதற்காகத் திட்டவேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகளால் இந்த மலரைத் தானாக வாசிக்க முடியாது. தலைப்பை எழுத்துக் கூட்டிவிட்டு, மீதியை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவருவாள்.